104 நாள்கள்: இரை எடுக்க மறுத்த ஒரு பாம்பின் பதிவேடு

குளிர்சாதனப் பெட்டி திருத்துவது என் தொழில். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் வீட்டின் முன்பக்க அறையை வேலைத்தலமாக்கிப் பதினெட்டு ஆண்டுகளாக அதைச் செய்து வருகிறேன். எந்தப் பெட்டி திருத்த வந்தாலும் அதன் குறை, அளந்த வெப்பநிலை, மாற்றிய பாகம் ஆகியவற்றைக் கொப்பி ஒன்றில் எழுதி வைப்பது என் வழக்கம். அந்த வழக்கத்தினாலேதான், சென்ற ஆண்டு மே மாதக் கடைசியில் என்னிடம் வந்து சேர்ந்த, முழு வளர்ச்சி பெற்ற ஒரு பெண் மலைப்பாம்பு முதல் இரையை எடுக்கும் வரை சென்ற 104 நாள்களும் என்னிடம் எழுத்தில் இருக்கின்றன. பின்வருவன அந்தக் கொப்பியைப் பார்த்து எழுதியவை.

பாம்பின் இனத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். வன்னிக் காடுகளில் காணப்படும் நம் நாட்டு மலைப்பாம்பான வெங்கிணாந்தியை எவரும் வீட்டில் வைத்திருக்க முடியாது. 1937ஆம் ஆண்டின் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதற்குப் பாதுகாப்பு அளித்திருக்கிறது. வேலிக்குள் வரும் சாரையைக்கூட நான் பிடித்து அடைத்ததில்லை. என்னிடம் வந்தது பால் பைதன் (ball python) என்று அழைக்கப்படும் ஆபிரிக்க இனம். அச்சம் வந்தால் தலையை நடுவில் மறைத்துப் பந்துபோலச் சுருண்டுகொள்வதால் ஆங்கிலத்தில் அதற்கு அந்தப் பெயர். பெயரைக் கேட்ட அயலவர் ஒருவர், அது பால் குடிக்கும் பாம்பு என்றே நம்பி, மறுநாட் காலை ஒரு சொம்பில் பசுப்பால் கொண்டுவந்து தந்தார். நாகதம்பிரானுக்குப் பால் வைத்துப் பழகிய ஊரில் அவரைக் குறைசொல்ல இடமில்லை. ஆனால் பாம்புக்குப் பால் உணவே அன்று. அதைச் செரிக்கவும் அதனால் இயலாது. அந்தப் பாலில் அம்மா தேநீர் போட்டார்.

பாம்பைத் தந்தவர் கொழும்பை அடுத்த தெகிவளையில் இருந்த என் தம்பியின் நண்பர். கனடாவுக்குக் குடிபெயர்ந்தபோது, கூண்டில் பிறந்து வளர்ந்த இந்தப் பாம்பையும், அதற்குரிய பத்திரங்களையும், உறையவைத்த பன்னிரண்டு வெள்ளை எலிகளையும் ஒரு ரெஜிபோம் பெட்டியில் வைத்து ஒப்படைத்தார். என்ன சாப்பிடும் என்று கேட்டேன். வெள்ளை எலி என்றார். எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று கேட்டேன். இரண்டு கிழமைக்கு ஒன்று என்றார். எப்படிச் சாப்பிடும் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கேள்வி அன்றைக்கு என் மனத்தில் எழாததற்கு நான் கொடுத்த விலையே இந்தப் பதிவின் பெரும்பகுதி.

துணிப் பையில் இட்டுப் பெட்டிக்குள் வைத்து, வெயில் ஏறுவதற்கு முன் வந்து சேர வேண்டுமென்று இரவோடிரவாக ஏ-9 வீதியால் வான் வண்டியில் கொண்டுவந்தோம். வந்த அன்று நிறை 1,640 கிராம். வாயைச் சுற்றிச் சளியோ நுரையோ இல்லை, செதில்களின் இடையில் உண்ணி இல்லை, மூச்சில் சத்தம் இல்லை. உடலைக் குறுக்கே பார்த்தால் முதுகு உருண்டு இருந்தது; நலமான பாம்புக்கு அதுவே அடையாளம். மெலிந்த பாம்பு முதுகெலும்பு துருத்தி, கூரைபோல முக்கோணமாகத் தெரியும்.

அதற்கென நான் முன்கூட்டியே நாலடிக் கண்ணாடித் தொட்டி ஒன்றைச் செய்து, வலை மூடியிட்டு, வேலைத்தலத்தின் சுவரோடு ஒட்டிய மண்டபத்தில், வருகிறவர்கள் கண்ணில் படும்படி வைத்திருந்தேன். அடியில் தென்னை மட்டைத் தூளான தும்புச்சோறு பரப்பி, ஒரு மூலையில் வெப்பத் தகடும், கண்ணாடியில் ஒட்டிய வட்டமான வெப்பமானியும், நடுவில் தண்ணீர்ச் சட்டியும், பாதி வெட்டிய ஒரு மரக்குற்றியும் இருந்தன. பார்க்க நன்றாகவே இருந்தது. பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எதையும் நான் அப்போது யோசிக்கவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஏழு நாள்கள் தொடவில்லை. எட்டாம் நாள் இரவு, முதல் நாளே குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளக்கிய 90 கிராம் எலி ஒன்றைப் பொலித்தீன் பையோடு வெந்நீரில் அரைமணி நேரம் இட்டு, துடைத்து, நீண்ட இடுக்கியால் பிடித்து முகத்துக்கு முன்னால் ஆட்டிக் காட்டினேன். பாம்பு நாக்கை இரண்டு முறை நீட்டியது. பிறகு தலையை மெல்லப் பின்னுக்கு இழுத்துச் சுருண்டுகொண்டது. பதினோராம் நாள் மறுபடியும் காட்டினேன். பதின்மூன்றாம் நாளும் காட்டினேன். பதினான்காம் நாள் பகலிலும் காட்டினேன். கொப்பியில் அந்த நான்கு வரிகளையும் இப்போது வாசிக்கும்போது, குளிரூட்டும் வாயு கசியும் பெட்டிக்கு நாள்தோறும் வாயு நிரப்பிக் கொண்டிருக்கும் பயிலுநனைப் பார்ப்பதுபோல் இருக்கிறது. குறை எங்கே என்று பார்க்காமல், விளைவை மட்டும் திரும்பத் திரும்பச் சோதித்துக்கொண்டிருந்தேன். இரை எடுக்காத பாம்புக்கு ஒரு முறை காட்டி மறுத்தால், ஐந்தாறு நாள்களாவது இடைவெளி விடுவதே முறை. ஒவ்வொரு முயற்சியும் அதற்கு ஒரு தொந்தரவு; தொந்தரவு கூடக் கூட மறுப்பும் கூடும்.

இந்த நாள்களில் ஆலோசனைகளுக்குக் குறைவிருக்கவில்லை. முட்டை உடைத்து வைக்கும்படி ஒருவர் சொன்னார். கோழிச் செட்டையால் எலியைத் தேய்த்துக் காட்டும்படி இன்னொருவர் சொன்னார். வாசனை மாற்றுவது சில பாம்புகளிடம் பலிக்கும் முறைதான், இதனிடம் பலிக்கவில்லை. பின்வளவுக் காணிக்காரர் ஒரு நாள் சாக்குப் பையோடு வந்தார்.

“தம்பி, வயலுக்கை பிடிச்சது, நல்ல கொழுத்த எலி. உந்த வெள்ளை எலியளை உது எப்பிடித் தின்னும்? இதைக் குடுத்துப் பாரும்.”

“ஐயா, நஞ்சு தின்ற எலியோ என்னவோ, எனக்குத் தெரியாது. பாம்பு செத்துப்போனால் நீங்களும்தான் கவலைப்படுவியள்,” என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். வயலெலியை வேண்டாம் என்றதற்கு வேறு காரணங்களும் உண்டு. அதில் ஒட்டுண்ணிகள் இருக்கும். எலிக்காய்ச்சல் கிருமி இருந்தால் கையாளும் மனிதருக்கே ஆபத்து. உயிரோடு விட்டால் எலி திருப்பிக் கடிக்கும். பசியில்லாத பாம்பு சுருண்டு கிடக்க, எலி அதன் முதுகைக் கடித்துப் புண்ணாக்கிய செய்திகள் பாம்பு வளர்ப்போர் எல்லாருக்கும் தெரிந்தவை.

பத்தொன்பதாம் நாளில்தான் கண் திறந்தது. மதியம் இரண்டு மணி. சோளகம் வெளியே புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. பாம்பு தண்ணீர்ச் சட்டிக்குள் முழு உடலையும் அடக்கி, மூக்கை மட்டும் விளிம்பில் வைத்துக்கொண்டு கிடந்தது. உண்ணித் தொல்லை இருந்தால் பாம்பு நீரில் ஊறும். தொல்லை இல்லை என்று பார்த்தாயிற்று. மீதமிருக்கும் காரணம் சூடு. கண்ணாடியில் ஒட்டியிருந்த வெப்பமானி 32 பாகை காட்டியது. வேலைத்தலத்தில் கொம்பிரசர் சோதிக்க வைத்திருக்கும் உணரியை எடுத்து, வெப்பத் தகட்டுக்கு மேலே, தும்புச்சோற்றுக்கு அடியில், பாம்பின் வயிறு படும் இடத்தில் வைத்தேன். 38.6 பாகை. எதிர்ப்பக்கத்து மூலையில் 33. தெர்மோஸ்டாட்டின் உணரி, ஒட்டிய நாடா கழன்று, தண்ணீர்ச் சட்டியின் அருகே ஈரத்தில் கிடந்தது. குளிர்ந்த இடத்தின் வெப்பநிலையை அளந்துகொண்டு, இன்னும் சூடு போதவில்லை என்று எண்ணி, அது தகட்டை அணைக்காமலே விட்டிருக்கிறது. உணரி இடம்மாறிய குளிர்ப்பெட்டிகளை எத்தனையோ திருத்தியவன் என் வீட்டில் அதைக் காணாமல் இருந்திருக்கிறேன்.

இந்த இனத்துக்கு ஒரு பக்கம் 31, 32 பாகையும் மறுபக்கம் 26, 27 பாகையும் வேண்டும். தன் உடலின் சூட்டைத் தானே உண்டாக்க முடியாத பிராணி, இந்த இரண்டுக்கும் இடையில் நகர்ந்து நகர்ந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். குளிர்நாட்டில் இருந்துகொண்டு எழுதுகிறவர்கள் எல்லாரும் சூட்டை எப்படி உண்டாக்குவது என்றே எழுதுகிறார்கள். யாழ்ப்பாணத்து யூன் மாதத்தில் சிக்கல் நேர்மாறானது: சூடு எங்கும் கிடக்கிறது, குளிர்ந்த மூலைதான் கிடைப்பதில்லை. ஒதுங்க இடம் இல்லாத பாம்பு உண்ணாது. உண்டாலும் அந்தச் சூட்டில் கக்கிவிடக்கூடும்.

வெப்பத் தகட்டின் மின்னிணைப்பை அன்றே கழற்றினேன். குளிர்காற்றுப் பெட்டி வைக்கலாமா என்ற யோசனை வந்தது. மின்கட்டணத்தையும், அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதையும் எண்ணிக் கைவிட்டேன். கடைசியில் சந்தையில் ஒரு வாய் அகன்ற மண்சட்டி வாங்கி, விளிம்பில் பாம்பு நுழையும் அளவுக்கு ஓர் அரைவட்டத்தை அரத்தால் அராவி எடுத்து, கூர்முனைகளை உப்புத்தாள் கொண்டு தேய்த்து, கவிழ்த்து வைத்தேன். சட்டியின் முதுகில் நனைத்த சாக்குத் துண்டு ஒன்று. மண்பானைத் தண்ணீர் எதனால் குளிர்கிறதோ அதனாலேயே இந்தச் சட்டியின் உட்பகுதியும் குளிர்ந்தது: ஈரம் ஆவியாகும்போது சூட்டைக் கொண்டுபோகிறது. அறையில் 32 பாகை இருக்கும் பிற்பகலில் சட்டிக்குள் 27.5 இருந்தது. ஈரப்பதமும் 48 வீதத்திலிருந்து 70ஐத் தாண்டியது. ஐந்நூறு ரூபாவும் போகவில்லை.

அன்றிரவே பாம்பு சட்டிக்குள் புகுந்தது. ஆனாலும் உண்ணவில்லை. முப்பத்து மூன்றாம் நாள் கண்கள் பால் பூத்து, உடல் மங்கியது. தோலுரிக்கப் போகிறது என்று பொருள். அந்த நிலையில் பெரும்பாலான பாம்புகள் இரையைத் தொடா. ஆகவே எலி காட்டுவதை நிறுத்தினேன். நாற்பத்து மூன்றாம் நாள் தோல் கழன்றது. முன்பு காய்ந்து கிடந்த நாள்களின் கணக்கு அதில் தெரிந்தது. முழு உறையாக வர வேண்டியது ஏழெட்டுத் துண்டுகளாகக் கிழிந்து வந்தது. கண்களின் மேல் பழைய தோலின் மூடி தங்கிவிடவில்லை என்று உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்து உறுதி செய்த பிறகே எனக்கு நித்திரை வந்தது. நிறை 1,571 கிராம்.

ஐம்பத்திரண்டாம் நாள் நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். தொட்டிக்கு அருகில் குந்தியிருந்து, சட்டிக்குள் இருந்த பாம்பின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழ்த்தாடை முழுவதும் தரையில் படிந்திருந்தது. அப்போது சுவருக்கு அப்பால், என் உதவியாள் பையன் ஒரு பழைய கொம்பிரசரைச் சோதனைப் பலகையில் வைத்து மின்சாரம் கொடுத்தான். எனக்குச் சத்தம் பெரிதாகக் கேட்கவில்லை. ஆனால் தண்ணீர்ச் சட்டியின் மேற்பரப்பில், விளிம்பிலிருந்து நடுவை நோக்கி, மயிரிழை போன்ற வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடத் தொடங்கின. பாம்பு தலையைத் தரையிலிருந்து ஒரு விரற்கடை உயர்த்தியது. பையன் மின்சாரத்தை நிறுத்தினான், வளையங்கள் அடங்கின, சிறிது நேரத்தில் தலையும் தாழ்ந்தது. மறுபடி போடும்படி சொன்னேன். மறுபடியும் வளையங்கள், மறுபடியும் தலை உயர்ந்தது.

பாம்புக்கு வெளிச்செவி இல்லை. ஆனால் தாடை எலும்பு தரையின் அதிர்வை வாங்கி உட்செவிக்குக் கடத்துகிறது. காலை எட்டு மணியிலிருந்து இரவு எட்டு மணி வரை என் வேலைத்தலத்தில் ஏதாவது ஒரு கொம்பிரசர் ஓடிக்கொண்டிருக்கும். அப்படியானால் ஐம்பத்திரண்டு நாள்களாக இந்தப் பாம்பு, பெரிய விலங்கு ஒன்று இடைவிடாமல் தன்னைச் சுற்றி நடக்கும் இடத்தில் குடியிருந்திருக்கிறது. போதாததற்கு நான்கு பக்கமும் கண்ணாடி. மண்டபத்தில் வருவோர் போவோர் நிழல். வெள்ளிக்கிழமைகளில் பஞ்சபுராணம் முடிந்ததும் பார்க்க வரும் அயற்பிள்ளைகள். மேற்கு, மத்திய ஆபிரிக்கப் புல்வெளிகளில் இந்த இனம் பகலெல்லாம் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் ஒடுங்கிக் கிடக்கும். கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது என்று நாம் சொல்வது இதற்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும். அப்படிப்பட்டதைக் கொண்டுவந்து நான் கடைக் கண்ணாடி அலுமாரியில் வைத்திருந்தேன்.

இங்கே என் தொழிற்பழக்கமும் பாம்பின் நலமும் ஒன்றோடொன்று மோதின. குறை தேடும்போது ஒரு நேரத்தில் ஒரு பாகத்தையே மாற்ற வேண்டும். மூன்றை ஒருசேர மாற்றினால் பெட்டி ஓடும், ஆனால் எது பழுது என்று என்றைக்கும் தெரியவராது. இதைப் பையனுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒவ்வொன்றையும் தனித்தனியே மாற்றி இரண்டிரண்டு கிழமை பொறுத்துப் பார்க்க, ஓர் உயிரைப் பட்டினி போட எனக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினேன். எதனால் அது கடைசியில் உண்டது என்று அடித்துச் சொல்ல முடியாமற் போனதற்கு இதுவே காரணம்.

ஐம்பத்தைந்தாம் நாள், ஒளி ஊடுருவாத கரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றின் பக்கங்களில் சூடான பற்றாசுக்கோலால் துளைகள் இட்டு, வடக்குப் பக்கத்து ஓட்டுக்கூரை அறைக்கு, முன்பு நெல் மூட்டை வைத்த இடத்துக்கு மாற்றினேன். மண்சட்டி ஒன்று குளிர்ந்த பக்கத்திலும், அதே அளவுள்ள இன்னொன்று சூடான பக்கத்திலும் வைத்தேன். ஒளிய ஒரே இடம் இருந்தால் பாம்பு பாதுகாப்பையோ தேவையான சூட்டையோ விட்டுக்கொடுக்க நேரும். சட்டிகள் பெரிதாக இருக்கக்கூடாது என்பதும் முக்கியம்: சுருண்டு படுத்தால் முதுகு மூன்று பக்கமும் சுவரில் படவேண்டும். பெட்டிக்கு அடியில், அதிர்வு வராதிருக்க, பழைய பெட்டியொன்றின் காப்புப் பஞ்சுப் பலகையைப் போட்டேன். தண்ணீரைப் பார்த்தேன். கொம்பிரசரை ஓடவிட்டுப் பார்த்தேன். நீர் அசையவில்லை.

அறுபத்திரண்டாம் நாள் இரவு, இடுக்கியால் காட்டிய எலியைப் பாம்பு முதன்முறையாகச் சட்டிக்கு வெளியே கழுத்தை நீட்டி ஆராய்ந்தது. நாக்கு விரைவாக ஓடியது. உதட்டோரத்துக் குழிகளால் சூட்டை அறியும் இனம் என்பதால், எலியின் தலை 38 பாகைக்குக் குறையாமல் இருக்கிறதா என்று தொழிலுக்கு வைத்திருக்கும் அகச்சிவப்பு வெப்பமானியால் பார்த்துத்தான் காட்டினேன். இருந்தும், நான் இடுக்கியை ஓர் அங்குலம் அசைத்த மாத்திரத்தில் அது உள்ளே போய்விட்டது. கொப்பியில் “கிட்ட வந்தது, நான் பயமுறுத்திவிட்டேன்” என்று இருக்கிறது.

அப்போதுதான் கனடாவுக்கு அழைக்க வேண்டும் என்று தோன்றியது. புதிய இடத்தில் குடியேறும் அலைச்சலில் இருந்தவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று இத்தனை நாளும் தள்ளிப்போட்டிருந்தேன். அறுபத்தாறாம் நாள் அவர் அழைப்பை எடுத்தார். நான் செய்வதை எல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“அண்ணை, நான் ஒருநாளும் ஆட்டிக் காட்டினதில்லை. ராத்திரி பத்து, பதினொரு மணிக்குச் சூடாக்கி, அவள் படுக்கிற பெட்டி வாசல்லை வைச்சிட்டு, லைட்டை நிப்பாட்டிப்போட்டு நான் போய்ப் படுத்திடுவன். விடியப் பாத்தா எலி இராது. கண்ணாடித் தொட்டியிலை அவள் இருந்ததே இல்லையே.”

ஆறு ஆண்டுகள் ஒரு முறையில் உண்டு பழகிய பாம்பு. அதன் முகத்துக்கு முன்னால் இரும்பு இடுக்கியை ஆட்டிக்கொண்டிருந்தவனை அது எப்படி எண்ணியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. குட்டிகளைப் புதிய முறைக்குப் பழக்குவது எளிது. வளர்ந்த பாம்பை வாங்குகிறவர், எந்த நேரம், எந்த இடம், எந்த அளவு, வெளிச்சத்திலா இருட்டிலா, கையாலா கிடத்தியா என்ற எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டுதான் பெட்டியைத் தூக்க வேண்டும். பழைய வீட்டுத் தும்புச்சோற்றில் ஒரு கைப்பிடியைக் கொண்டுவந்து புதிய பெட்டியில் கலப்பதும் நல்லது. பழகிய வாசனை அதற்கு ஒரு துணை.

அறுபத்தொன்பதாம் நாள் அவர் சொன்னபடியே செய்தேன். இரவு பத்தரைக்கு, ஓட்டுத் துண்டு ஒன்றில் எலியைக் கிடத்தி, குளிர்ந்த பக்கத்துச் சட்டியின் வாசலில் வைத்து, விளக்கை அணைத்துப் போய்ப் படுத்தேன். தெகிவளையில் மாடியில் இருந்தவருக்கும் கொக்குவிலில் தரைமட்டத்தில் இருப்பவனுக்கும் உள்ள வேறுபாடு என் நினைவுக்கு வரவில்லை. இரண்டு மணிக்குப் போய்க் கைவிளக்கை அடித்தால், துளைகளின் வழியே உள்ளே போன எறும்பு வரிசை எலியைச் சிவப்பாக மூடியிருந்தது. பாம்பு மறுபக்கத்துச் சட்டிக்கு ஓடியிருந்தது. அதன் வாலிலும் நான்கைந்து எறும்புகள் கடித்தபடி தொங்கின. சாமக் கோழி கூவும் வரை பாம்பைத் துணியில் தூக்கி வைத்துக்கொண்டு, எறும்பு பொறுக்கி, பெட்டி கழுவி, தும்புச்சோறு மாற்றினோம். அதுவரை அந்த அறைக்குள் காலெடுத்து வைக்காத அம்மா, தேங்காய்ச் சிரட்டையில் விளக்கைச் சாய்த்து வைத்து வெளிச்சம் காட்டிக்கொண்டு நின்றார்.

எறும்புக்கு வழி சொன்னவரும் அவர்தான். “பால்சட்டிக்குச் செய்யிற மாதிரிச் செய்யன்,” என்றார். பெட்டியை நான்கு கால் உள்ள ஒரு பலகைமேல் ஏற்றி, ஒவ்வொரு காலின் கீழும் தண்ணீர் ஊற்றிய கிண்ணம் வைத்தேன். தண்ணீர்மேல் படலம் கட்டாதிருக்க ஒரு துளி சவர்க்கார நீர். பெட்டி சுவரில் முட்டக்கூடாது, மின்கம்பி தரையைத் தொட்டு வரக்கூடாது. இரண்டில் ஒன்று நேர்ந்தாலும் எறும்புக்கு அது பாலம். எறும்பு மருந்து எதையும் அந்த அறையில் தெளிக்கவில்லை. பூச்சி கொல்லும் மருந்துகள் ஊர்வனவற்றுக்கும் நஞ்சாகலாம்.

அடுத்த முயற்சிக்கு நாள் குறித்துக்கொண்டிருக்கும்போது நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் திருவிழாக் கொடியேறியது. எழுபத்தேழாம் நாள். எங்கள் வீட்டில் கொடியேற்றத்திலிருந்து தீர்த்தம் வரை இருபத்தைந்து நாள்களும் மச்ச மாமிசம் புழங்குவதில்லை. வீட்டுக் குளிர்ப்பெட்டியில் இருந்த எலிகளை வேலைத்தலத்துப் பெட்டிக்கு முதல் நாளே மாற்றியாயிற்று. ஆனால் பாம்புக்கு எலி கொடுப்பதும் விரதத்துக்குப் பங்கமா என்ற கேள்விக்கு அம்மாவிடம் ஒரே பதில்தான் இருந்தது: “எழுபத்தேழு நாள் இருந்தது, இன்னும் இருபத்தைஞ்சு நாள் இருக்கும். முருகன் பாத்துக்கொள்ளுவார்.” எனக்குள்ளே தயக்கம் இருந்தது. பழக்கமுள்ள கால்நடை வைத்தியர் ஒருவரிடம் தொலைபேசியில் நிறைகளை ஒப்புவித்தேன். வளர்ந்த பால் பைதன் மாதக்கணக்கில் இரையின்றி இருப்பது வழக்கத்துக்கு மாறானதன்று என்றும், தொடக்க நிறையில் பத்து முதல் பதினைந்து வீதத்துக்கு மேல் குறைந்தாலோ, வாயில் வெண்படலமோ மூச்சில் குமிழோ கண்டாலோ உடனே கொண்டுவரும்படியும் சொன்னார். வாயைத் திறந்து எலியைத் திணிப்பதைப் பற்றிக் கேட்டேன். அந்தப் பேச்சே வேண்டாம் என்றார். அந்த வாரத்தில் நிறை 1,524 கிராம். குறைவு ஏழு வீதம்.

ஆகவே இருபத்தைந்து நாள்களும் தண்ணீர் மாற்றியதையும், சாக்கு நனைத்ததையும், கிண்ணங்களுக்கு நீர் விட்டதையும் தவிர அந்த அறையில் எதுவும் நடக்கவில்லை. நிறைகூடப் பார்க்கவில்லை. என் விருப்பப்படி விட்டிருந்தால் நான் அப்படிச் சும்மா இருந்திருக்க மாட்டேன் என்பது உறுதி. நான்கு முறையாவது எலியோடு போயிருப்பேன். தொண்ணூற்றிரண்டாம் நாள் இன்னொரு தோலுரிப்பு முடிந்தது. இம்முறை மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை, காலுறை கழற்றியதுபோல் ஒரே உறை. கண்மூடிகள் இரண்டும் அதில் இருந்தன. திருவிழாப் பார்த்துவிட்டு வந்த களைப்போடு அதைப் பகலொளியில் பிடித்துப் பார்த்தது நினைவிருக்கிறது.

தீர்த்தம் முடிந்து மூன்றாம் நாள், அதாவது நூற்றுநான்காம் நாள் இரவு. நிறை 1,492 கிராம். நீண்ட பட்டினிக்குப் பிறகு முதல் இரை சிறிதாக இருக்க வேண்டும் என்று 60 கிராம் எலியாகத் தேர்ந்தேன். பொலித்தீனில் இட்டு 42 பாகை நீரில் சூடாக்கி, மயிர் நனையாமல் எடுத்து, தலை 39 பாகை என்று பார்த்து, பத்தே முக்காலுக்கு ஓட்டுத் துண்டில், தலை சட்டி வாசலை நோக்கும்படி கிடத்தினேன். மூடியை மூடினேன். விளக்கை அணைத்தேன். கதவுக்கு வெளியே, குளிர்ந்த சீமெந்துத் தரையில், மூச்சைக்கூடச் சத்தமின்றி விட்டுக்கொண்டு இருந்தேன். இருபது நிமிடம் எதுவும் இல்லை. பிறகு ஓட்டுத் துண்டு பெட்டியின் அடியில் உராயும் “டக்” என்ற ஒரே சத்தம். அதன்பிறகு தும்புச்சோறு மெல்ல நசியும் ஓசை, ஈரச் சாக்கை யாரோ பிழிவதுபோல, நெடுநேரம். திறந்து பார்க்கக் கை துடித்தது. திறக்கவில்லை.

விடிய ஐந்தரைக்கு மூடியை ஒரு விரல் அளவு தூக்கினேன். ஓட்டுத் துண்டு வெறுமையாக இருந்தது. சட்டிக்குள் பாம்பு சுருண்டிருந்தது. உடலின் மூன்றிலொரு பங்கில் ஒரு சிறிய புடைப்பு. குசினிக்குப் போய்ச் சொன்னேன். அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே, “எல்லாத்தையும் திண்டிட்டாளோ?” என்று கேட்டார். அன்றுவரை அவருக்கு அது “உந்தச் சாமான்”.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகவே எழுதலாம். இரண்டு முழு நாள்கள் தொடவில்லை; இரை எடுத்த பாம்பைத் தூக்கினால் கக்கும், கக்கினால் மறுபடி பல கிழமைகள் பின்னடைவு. பதினோராம் நாள் கழிவு வந்தது. செரித்ததற்கு அதுவே சான்று. பதினான்காம் நாள் இன்னொரு 60 கிராம், அதையும் எடுத்தது. அடுத்து 80, பிறகு 90. கார்த்திகை மழையில் அறையின் இரவுச் சூடு 24 பாகைக்கு இறங்கியபோது வெப்பத் தகட்டை மறுபடி இணைத்தேன். உணரியை இம்முறை நாடாவால் ஒட்டாமல், கம்பியால் தகட்டோடு சேர்த்துக் கட்டினேன். மார்கழியில் இருமுறை மறுத்தது. எலியை எடுத்துப் புதைத்துவிட்டு, கொப்பியில் ஒரு வரி எழுதி, இரண்டு கிழமைக்கு அந்தப் பக்கம் போகாமல் இருந்தேன். தைப்பொங்கல் கழித்து எடுத்தது. மாசி முடிவில் நிறை 1,655 கிராம்.

இரை நாளை இப்போது சனிக்கிழமை இரவு என்று வைத்திருக்கிறோம். வெள்ளியும் செவ்வாயும் வீட்டில் மரக்கறி. வெள்ளி இரவே எலியை இளக வைக்க வேண்டியிருப்பதால், வேலைத்தலத்துப் பழைய பெட்டி ஒன்றைத் திருத்தி அதற்கென்றே ஒதுக்கியாயிற்று. கண்ணாடித் தொட்டியை மீன் வளர்க்கும் ஒருவருக்கு விற்றுவிட்டேன். கொம்பிரசர் சோதனைப் பலகையின் நான்கு கால்களிலும் இப்போது தடித்த இறப்பர்த் துண்டுகள் இருக்கின்றன.